சட்டம் எழுதிய ஊர்



தென்னாப்பிரிக்காவுக்குச் சுற்றுலா போகிற தமிழர் பெரும்பாலோர் டர்பனில் இறங்குகிறார்கள். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் சுமார் 80 கிலோமீட்டர் மேடேறிப் போனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். செங்கல்லால் கட்டிய பழைய ரயில் நிலையம், பூவேலை செய்த இரும்பு, பிளாட்பாரத்தில் ஒரு நினைவுப் பலகை. பலகையின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், காத்திருப்பு அறையை எட்டிப் பார்க்கிறார்கள், இருட்டுவதற்குள் டர்பனுக்குத் திரும்பிவிடுகிறார்கள். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட இடத்தைப் பார்த்தாகிவிட்டது, வந்த வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்த வழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த இரவு நடந்ததற்குப் பின்னால் சட்டம் எதுவும் இல்லை. இந்தியர் முதல் வகுப்பில் ஏறக் கூடாது என்று அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. முதல் வகுப்பு டிக்கெட்டை விற்றதே ரயில்வேதான். ஒரு சக பயணியின் வெறுப்பும் ஓர் அதிகாரியின் அடாவடியும் சேர்ந்து செய்த காரியம் அது. அந்த வெறுப்பைச் சட்டமாக எழுதி, முத்திரை குத்தி, பல்லாயிரம் பேர் மேல் ஏவிய இடம் அதே ஊரில், பிளாட்பாரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்புகிறவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

ஊரின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேப் காலனியில் பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காமல் மாட்டு வண்டிகளில் கிளம்பிய டச்சு வழிக் குடியானவர்கள் 1838இல் இதை அமைத்தார்கள். தங்கள் தலைவர்களான பீட் ரெட்டீஃப், கெரிட் மாரிட்ஸ் இருவரின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று ஜூலுப் படையை வென்றதற்கு நன்றியாக 1841இல் கட்டிய சிறிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. 1843இல் பிரிட்டன் நேட்டாலைத் தனதாக்கிக்கொண்டது; நேப்பியர் கோட்டையில் படை வந்து இறங்கியது; ஊர் காலனியின் தலைநகரானது. டர்பனுக்குத் துறைமுகமும் கரும்பும் கிடைத்தன. மாரிட்ஸ்பர்க்குக்குக் கிடைத்தவை ஆளுநர் மாளிகை, செயலகம், உச்ச நீதிமன்றம், சட்டமன்றம், சிறை. கப்பலில் வந்த இந்தியர்கள் இறங்கியது டர்பனில்; அவர்கள் எப்படி வாழலாம், எங்கே போகலாம், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் தீர்மானமானது இங்கே.

1893ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நம் நினைவில் அது ரயில் சம்பவத்தின் ஆண்டு. நேட்டால் வெள்ளையர்களுக்கோ அது வேறொரு வெற்றியின் ஆண்டு: லண்டனின் நேரடிப் பிடி தளர்ந்து, உள்நாட்டு விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் பொறுப்பாட்சி அந்த ஆண்டுதான் அவர்களுக்குக் கிடைத்தது. ஜான் ராபின்சன் முதல் பிரதமரானார். புதிய சட்டமன்றம் கையில் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா. 1894இல் அது வந்தபோது காந்தி ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டுவிட்டு மனு எழுதினார். சுமார் 10,000 கையெழுத்துகளோடு மனு லண்டனுக்குப் போனது. அந்த ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆசியர் என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லி ஒதுக்கிய அந்த மசோதாவுக்கு லண்டன் ஒப்புதல் தரவில்லை. உடனே மாரிட்ஸ்பர்க்கின் சட்ட வரைவாளர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1896இல் நிறைவேறிய சட்டத்தில் ஆசியர் என்ற பெயரே கிடையாது. தேர்தல் வழியாக அமைந்த பாராளுமன்றம் இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வாக்கு கிடையாது என்று எழுதினார்கள். இந்தியாவுக்குப் பாராளுமன்றம் தராதது யார்? பிரிட்டன். இந்தியருக்குப் பாராளுமன்றப் பழக்கம் இல்லை என்று காரணம் காட்டி வாக்கைப் பறித்தது யார்? பிரிட்டனின் காலனி. லண்டனும் அதற்குச் சம்மதித்தது.

அடுத்த ஆண்டு, 1897இல், இந்தக் கலை முழுமை பெற்றது. குடியேற்றத் தடைச் சட்டம் ஒன்று வந்தது. உள்ளே நுழைகிறவர் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும் என்றது. தமிழும் தெலுங்கும் குஜராத்தியும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கூட இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு எழுத்தறிவற்றவர். இங்கேயும் இனத்தின் பெயர் எங்கும் வராது. யோசனை முழுக்க நேட்டாலின் சொந்தச் சரக்கு என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் காங்கிரஸில் அப்போது விவாதிக்கப்பட்ட ஒரு மசோதாவிலிருந்து கடன் வாங்கியது. ஆனால் பேரரசுக்குள் இப்படிச் செய்தால் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று நிரூபித்துக் காட்டியது நேட்டால். காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் அதே ஆண்டு மற்றக் காலனிப் பிரதமர்களுக்கு இதையே முன்மாதிரியாகக் காட்டினார். மேற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், டாஸ்மேனியா என்று அடுத்தடுத்து இதே வடிவத்தில் சட்டங்கள் வந்தன. 1901இல் ஒன்றுபட்ட ஆஸ்திரேலியா, வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் அடித்தளமாகச் சொல்வதெழுதும் தேர்வு ஒன்றைச் சட்டத்தில் வைத்தது. அதன் மூலம் இந்த நேட்டால் சூத்திரம். ரயிலிலிருந்து தள்ளிய கை ஒரு மனிதரைத் தள்ளியது. இங்கே எழுதப்பட்ட தாள் இந்தியப் பெருங்கடலின் மறுகரை வரை மனிதர்களைத் தடுத்து நிறுத்தியது.

இந்த இரண்டு சட்டங்களும் வியாபாரிகளையும் படித்தவர்களையும்தான் முதலில் தாக்கின. கூலிகளாக வந்தவர்களைத் தாக்கியது 1895இன் 17ஆம் சட்டம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911இல் ஒப்பந்த முறை நிற்கும் வரை நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். 5 ஆண்டு ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் மாட்டேன் என்று சுதந்திரமாக வாழ நினைத்தால் ஆண்டுக்கு 3 பவுன் வரி. முதலில் 25 பவுன் கேட்டார்கள். இந்திய அரசோடு பேரம் பேசி 3 பவுனில் முடித்தார்கள். 3 பவுன்தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிக்கு அரிசி பருப்புப் படி போக முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14. அந்த உச்சச் சம்பளத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சேர்ந்தாலும் 168 ஷில்லிங், அதாவது 8 பவுன் 8 ஷில்லிங். வரி பின்னாளில் 16 வயது வந்த மகனுக்கும் 13 வயது வந்த மகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. கணவன், மனைவி, அந்த வயதில் ஒரு மகன், ஒரு மகள் உள்ள குடும்பம் கட்ட வேண்டியது 12 பவுன். ஒப்பந்தம் முடிந்தவருக்கு வெளியில் கூடுதலாகக் கூலி கிடைத்திருக்கலாம், மறுக்கவில்லை. கிடைத்தாலும் வரிக்குப் பயந்து மீண்டும் ஒப்பந்தத்தில் விழுந்தவர்கள் ஏராளம். வரியின் நோக்கமே அதுதான்.

காந்தியை இறக்கிவிட்ட ரயில்வே எந்தத் தனியார் முதலாளியுடையதும் அல்ல. நேட்டால் அரசு ரயில்வே. ஒப்பந்தக் கூலிகளை மிகப் பெரிய எண்ணிக்கையில் வைத்து வேலை வாங்கியவர்களில் அந்த ரயில்வேயும் ஒன்று. தண்டவாளத்தில் ஜல்லி நிரப்பியவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். பலகை முன்னால் நிற்கும்போது முதல் வகுப்புப் பெட்டியை நினைக்கிறோம். பெட்டிக்குக் கீழே இருந்தவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். சட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, பிளாட்பாரத்தைப் பார்க்க முடியும். மனிதருக்கு ஒரு இடம் வேண்டும், ஒரு முகம் வேண்டும், ஓர் இரவு வேண்டும் என்பார்கள். காந்தியே பின்னாளில் தன் வாழ்க்கையின் போக்கை மாற்றிய அனுபவமாக அந்த இரவைத்தான் சொன்னார். 1997 ஏப்ரலில் நெல்சன் மண்டேலா முன்னிலையில் அந்த நகரம் காந்திக்கு மறைவுக்குப் பிந்தைய நகரக் கௌரவம் அளித்தபோதும் அந்த இரவுதான் நினைவுகூரப்பட்டது. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. பிளாட்பாரத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேட்க வேண்டும். சட்டமன்றத்துக்கு மனு எழுதவும் நீதிமன்றத்தில் வாதாடவும் கொண்டுபோய் விட்டது. வழக்கறிஞர் சங்கத்தின் எதிர்ப்பை மீறி 1894 செப்டம்பரில் நேட்டால் உச்ச நீதிமன்றம் அவரை வழக்கறிஞராக ஏற்றுக்கொண்டது. பழைய உச்ச நீதிமன்றக் கட்டடம் இன்று டேத்தம் கலைக்கூடம். ஓவியம் பார்க்க இலவசமாக உள்ளே போகிற இந்தியப் பயணிகள் மிகக் குறைவு. சட்டம் பூட்டவும் செய்தது, சிறு இடுக்கு ஒன்றைத் திறந்தும் வைத்தது. அந்த இடுக்கின் வழியாக நுழைந்துதான் காந்தி இருபது ஆண்டுகள் போராடினார். இடத்துக்கும் பஞ்சமில்லை. சட்டமன்றக் கட்டடம் அப்படியே இருக்கிறது, குவாசூலு-நேட்டால் மாகாணச் சட்டமன்றம் இன்று அங்கேதான் கூடுகிறது.

அது நிற்கும் தெருவுக்கு முன்பு லாங்மார்க்கெட் தெரு என்று பெயர். இன்று லாங்கலிபலேலே தெரு. இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவரை அறியாமல் என் வாதம் அரைகுறையாகவே நிற்கும். லாங்கலிபலேலே, ஹ்லூபி மக்களின் தலைவர். வைர வயல்களில் வேலை செய்து துப்பாக்கியோடு திரும்பிய தன் இளைஞர்களின் துப்பாக்கிகளைப் பதிவு செய்யவில்லை என்று 1873இல் அவரை மாரிட்ஸ்பர்க்குக்கு வரச் சொன்னார்கள். அவர் வராமல் தன் மக்களோடு டிராகன்ஸ்பர்க் மலைகளைக் கடந்தார். பிடித்து வந்து 1874இல் விசாரித்தார்கள். துணை ஆளுநரே ஆப்பிரிக்கர் அனைவருக்கும் ‘உயர்தலைவர்’ என்ற முறையில் நீதிபதி. குற்றம் சாட்டியதும் அவருடைய அரசு. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வழக்கறிஞர் கிடையாது. ஆயுள் முழுக்க நாடு கடத்தல் என்று தீர்ப்பாகி, ராபன் தீவுக்கு அனுப்பினார்கள். இந்த அநியாயத்தை எதிர்த்துக் கடைசி வரை போராடியவர் அதே ஊரின் ஆங்கிலிகன் ஆயர் கொலென்சோ. அவருடைய கல்லறை ஊர் நடுவே புனித பீட்டர் தேவாலயத்தில் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1865இன் 11ஆம் சட்டம் ஆப்பிரிக்கர்களின் வாக்குரிமைக்கு இவ்வளவு நிபந்தனைகளை அடுக்கியிருந்தது: வழக்காற்றுச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற வேண்டும், அப்புறம் 7 ஆண்டு காத்திருக்க வேண்டும், வெள்ளையர்கள் நற்சான்று தர வேண்டும். கடைசியில் வாக்குப் பெற்ற ஆப்பிரிக்கர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1896இல் இந்தியருக்குச் செய்ததை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்கரிடம் பழகிப் பார்த்துவிட்டார்கள்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு அவசியமும் இருக்கிறது. இளம் வழக்கறிஞரான காந்தி தென்னாப்பிரிக்காவின் ஆரம்ப ஆண்டுகளில் எழுதியவற்றில் ஆப்பிரிக்கர்களைத் தாழ்த்திப் பேசிய இடங்கள் உண்டு. இந்தியர்களை அவர்களோடு சேர்த்துவைக்கிறார்களே என்பதே அவர் குறையாக இருந்த கட்டமும் உண்டு. 2015இல் ஜோகன்னஸ்பர்க்கில் அவர் சிலை மீது வெள்ளைச் சாயம் ஊற்றினார்கள்; 2018இல் கானா பல்கலைக்கழகம் அவர் சிலையை அகற்றியது. இந்தக் குற்றச்சாட்டை நாம் கோபத்தோடு தள்ளிவிடக் கூடாது. பிளாட்பாரத்தை மட்டும் பார்க்கிற பயணி இதற்குப் பதில் சொல்ல வழியில்லாமல் நிற்பார், ஏனென்றால் அவர் பார்த்த கதையில் ஆப்பிரிக்கரே இல்லை. சட்டமன்றத் தெருவில் நடந்தவருக்கு, ஆப்பிரிக்கர் மேல் செய்த கருவியைத்தான் இந்தியர் மேல் திருப்பினார்கள் என்பது தெரியும். அன்று இந்தியத் தலைவர்கள் அதைக் காணத் தவறினார்கள் என்பதும் தெரியும். இதே தெருவில்தான் தமிழர் எழுப்பிய சுப்பிரமணியர், மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. அங்கே புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும். அம்மனுக்கும் புனித வெள்ளிக்கும் என்ன உறவு என்று வியக்க வேண்டாம். முதலாளி விடுமுறை விட்ட நாளில்தான் கூலிக்காரர் சாமி கும்பிட முடியும்.

அடுத்து பர்கர் தெரு, பழைய சிறை. தமிழர் தவறாமல் போக வேண்டிய இடம் இந்த ஊரில் ஒன்றுதான் என்றால் என் தேர்வு இதுவே. 1862 முதல் 1989 வரை சிறையாக இருந்த இந்தக் கட்டடத்துக்கு 1913இல் சத்தியாக்கிரகப் பெண்கள் வந்தார்கள். அந்த ஆண்டு நீதிபதி சர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைக் கேள்விக்குள்ளாக்கித் தீர்ப்பளித்தார். 3 பவுன் வரியும் நீங்கவில்லை. இரண்டையும் எதிர்த்துச் சத்தியாக்கிரகம் மூண்டது. செப்டம்பரில் அனுமதியின்றி மாகாண எல்லை தாண்டிச் சிறைப்பட்ட கஸ்தூரிபா மூன்று மாதக் கடுங்காவலை இங்கே கழித்தார். அண்டை மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய பெண்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் நியூகாசில் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலை நிறுத்தத்துக்கு அழைத்தார்கள். வாக்கு இல்லாத, பட்டம் இல்லாத, முதல் வகுப்பு டிக்கெட் எடுக்கும் வசதி இல்லாத அந்தப் பெண்களின் சொல்லைக் கேட்டு ஆயிரக்கணக்கானவர் வேலையை விட்டு வெளியேறினார்கள். பெண்கள் மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். டிசம்பரில் மூன்று மாதத் தண்டனை பெற்று வந்தவர் தில்லையாடி வள்ளியம்மை, வயது 15. சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். அந்த ஆண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை ரத்து செய்தது. மாரிட்ஸ்பர்க் சட்டமன்றம் 1895இல் எழுதியதை மாரிட்ஸ்பர்க் சிறையில் கிடந்தவர்கள் அழித்தார்கள். தில்லையாடியில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. நம் பள்ளிப் பாடங்களிலும் பெயர் இருக்கிறது. அவர் அடைபட்ட சிறை காந்தி இறக்கிவிடப்பட்ட அதே ஊரில்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊருக்கு வெளியே வடமேற்கில் ஹோவிக். அங்கே உம்கேனி ஆறு 95 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பயணிகள் அருவியைப் பார்க்கப் போவார்கள், போகட்டும். அருகில்தான் 1962 ஆகஸ்ட் 5 அன்று, கார் ஓட்டுநர் வேடத்தில் வந்த மண்டேலா பிடிபட்டார். ஐம்பதாம் ஆண்டு நினைவாக 2012இல் 50 எஃகுத் தூண்களை நட்டிருக்கிறார்கள். கிட்டே போனால் வெறும் கம்பிகள், குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று பார்த்தால் அவர் முகம். அவர் மீது சாட்டிய குற்றங்கள் இரண்டு: பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனது, வேலை நிறுத்தத்துக்குத் தூண்டியது. அந்த வேலை நிறுத்தத்துக்கான அழைப்பு 1961 மார்ச்சில் மாரிட்ஸ்பர்க்கில், இந்தியர் கட்டிய ஆரிய சமாஜ மண்டபத்தில் கூடிய மாநாட்டிலிருந்து வந்தது. யார் எங்கே போகலாம் என்பதைத் தாளால் கட்டுப்படுத்துவது, வேலையை விடுவதைக் குற்றமாக்குவது என்ற இரண்டு பழைய உத்திகளுமே அவருடைய குற்றப்பத்திரிகையில் இருக்கின்றன.

ஊரின் மேற்கே எடெண்டேல். 1851இல் ஜேம்ஸ் ஆலிசன் என்ற மிஷனரியோடு வந்த ஆப்பிரிக்கக் கிறித்தவக் குடும்பங்கள் பணம் சேர்த்து ஒரு பண்ணையை விலைக்கு வாங்கிக் குடியேறிய இடம். அதையடுத்த மேட்டு நிலம் வுலின்ட்லேலா. ஷெப்ஸ்டன் என்ற அதிகாரி 1840களில் ஆப்பிரிக்கர்களுக்கென்று எல்லை கீறி, தலைவர்களின் கீழ் ஒதுக்கிய நிலம். ஒரு பக்கம் பத்திரம், மறு பக்கம் தலைவரின் அனுமதி. 1990 மார்ச் இறுதியில், மண்டேலா விடுதலையாகி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், இந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஏழு நாள் போர் என்று அங்கே அழைக்கப்படும் கொடுமை நடந்தது. மேட்டிலிருந்து இன்காதா என்ற கட்சியின் ஆட்கள் இறங்கினார்கள். கீழே பெரும்பாலும் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் ஆதரவாளர்கள். நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டார்கள், பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். பழைய எல்லைக்கோடு ஒன்றே இதற்குக் காரணம் என்று சொன்னால் அது மிகை. கட்சிப் பகையும் போலீஸின் பங்கும் வேலையில்லாத் திண்டாட்டமும் இருந்தன. ஆனால் சண்டை எந்த இடத்தில் மூண்டது என்று வரைபடத்தை வைத்துப் பார்த்தால் ஷெப்ஸ்டனின் கோடு தெரியும்.

சுற்றுலா போகிறவரிடம் இவ்வளவு துன்பத்தை ஏற்றலாமா, பூங்காவும் அருவியும் மலையும் இருக்கும்போது சிறையைக் காட்டுவானேன் என்று நல்ல மனதோடு கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்வேன்: பிளாட்பாரத்துக்குப் போவதே ஒரு அவமானத்தை நினைக்கத்தான். துன்பத்தைப் பார்க்கப் போகிறோம் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம்; யாருடைய துன்பம், எத்தனை பேருடையது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. நடைமுறையிலும் இது கடினமில்லை. காலையில் ரயில் நிலையம். சர்ச் தெரு வழியாக நடந்தால் 1993இல் பேராயர் டூட்டு திறந்துவைத்த காந்தி சிலை, 1901இல் கட்டி முடித்த செங்கல் நகர மண்டபம், எதிரே கலைக்கூடமாகிவிட்ட நீதிமன்றம். பக்கத்துத் தெருவில் சட்டமன்றம், கோயில். மதியத்துக்குள் பர்கர் தெருச் சிறை. மறுநாள் எடெண்டேலும் ஹோவிக்கும். தமிழில் பயணக் கையேடு எழுதுகிறவர்களும் குழுக்களை அழைத்துப் போகிறவர்களும் இந்த ஊருக்கு ஓர் இரவுத் தங்கலை ஒதுக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். வள்ளியம்மை பாடத்தை அடுத்த முறை திருத்துகிறவர்கள், சிறை இருந்த ஊரின் பெயரையும் அது எந்த வரிக்காக என்பதையும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.